கத்தரிக்காய் போன வழி: ஒரு பிரெஞ்சுக் குழம்பும் நம்ம கும்மிடிப்பூண்டியும்



போன பதிவு நவரை நாத்து பத்தி. இந்தப் பதிவு ஒரு பிரெஞ்சுக் குழம்பு பத்தி. "கழனி வேலை பாக்கறவனுக்கு பிரெஞ்சுக் குழம்பு எதுக்குப்பா?"ன்னு நீங்க கேக்கலாம். காரணம் இருக்கு. என்கிட்ட வாரம் ஒருதரம் காய் வாங்கற சென்னைக் குடும்பங்கள்ல நாலஞ்சு பேர் சமீபமா ஒரே பட்டியலை அனுப்பறாங்க. கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், பூண்டு, சுக்கினி. இது என்ன சமையல்னு கேட்டா "ராட்டட்டூயி அண்ணே" என்கிறாங்க. பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வாய் சுளுக்கிக்கும் போல.

அந்தப் பேர் உங்கள்ல நிறைய பேருக்கு ஒரு சினிமா மூலமா தெரிஞ்சிருக்கும். 2007ல வந்த பிக்ஸார் கார்ட்டூன் படம். ஒரு எலி பாரிஸ்ல சமையல்காரன் ஆகுற கதை. கடைசியில கடுகடுன்னு இருக்கற சாப்பாட்டு விமர்சகர் ஒரு வாய் சாப்பிட்டதும், சின்ன வயசுல அம்மா போட்ட சாப்பாடு ஞாபகம் வந்து பேனாவைக் கீழே போடுவார். அந்தச் சாப்பாடுதான் ராட்டட்டூயி. படத்துல வட்ட வட்டமா சீவி அழகா அடுக்கியிருப்பாங்க. அது ஓட்டல் வேலைப்பாடு. வீட்டுல செய்யறது அப்படி இருக்காது. காயை வெட்டிப் போட்டு, எண்ணெயில வதக்கி, குழைய வேகவைக்கிற குழம்பு, அவ்வளவுதான்.

பட்டியலைப் பாத்துட்டு நான் கொஞ்சம் யோசிச்சேன். அந்தச் சட்டியில விழற ஒவ்வொரு காய்க்கும் ஒரு பயணக் கதை இருக்கு. அதுல முக்கியமான காய் நம்ம பக்கத்திலிருந்து போனது. மத்ததுல பலதும் கடல் தாண்டி நம்ம பக்கம் வந்தது. அதோட, பிரான்சுக்கும் நம்ம கும்மிடிப்பூண்டி தாலுகாவுக்கும் ஒரு உறவு இருக்கு. அதையும் சொல்லணும்.

நீஸ் நகரத்து ஏழைக் குழம்பு

பிரான்சோட தெக்குக் கடற்கரையில நீஸ்னு ஒரு ஊர். மத்தியதரைக் கடல் ஓரம், இத்தாலி எல்லைக்குப் பக்கம். 1860ல தான் அது நிரந்தரமா பிரான்சோட சேர்ந்தது. அதுக்கு முன்னாடி சார்டினியா ராஜாவோட ஆட்சியில இருந்த ஊர். அதனால அந்த ஊர் சாப்பாடு பாரிஸ் சாப்பாடு மாதிரி வெண்ணெயும் கிரீமுமா இருக்காது. ஆலிவ் எண்ணெய், பூண்டு, தக்காளி, தோட்டத்துக் காய் இதுதான் அடிப்படை.

ராட்டட்டூயி என்கிற பேர்ல பாதி, கிளறுறது, கிண்டுறதுங்கற அர்த்தம் உள்ள சொல். 18ஆம் நூற்றாண்டு கடைசியில அந்தச் சொல் எழுத்துல வரும்போது அதுக்கு மரியாதையே கிடையாது. கையில கிடைச்சதைப் போட்டுக் கிண்டின மட்டமான குழம்புன்னு தான் பொருள். பிரெஞ்சுப் பட்டாளத்துல சிப்பாய்க்கு ஊத்தற குழம்பை "ரட்டா"ன்னு கொச்சையா சொல்லுவாங்க. புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவங்களை "சொல்தா"ன்னு இன்னிக்கும் சொல்றாங்க இல்லையா, அந்த நம்மாளுங்க தட்டுலயும் இந்த ரட்டா விழுந்திருக்கலாம்.

கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், சுக்கினி எல்லாம் சேர்ந்த இன்னிக்கு நாம சொல்ற ராட்டட்டூயி, அந்தப் பேரோட 1930 வாக்கில தான் எழுத்துல வருது. ஆயிரம் வருஷப் பாரம்பரியம் எல்லாம் இல்ல. எங்க ஆயா வயசுதான் அதுக்கு.

இந்தக் குழம்பு தனிப்பிள்ளையும் இல்ல. சிசிலித் தீவுல கப்போனாட்டா, ஸ்பெயின்ல பிஸ்தோ, துருக்கியில தூர்லூ, எல்லாம் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிங்க. சினிமாவுல வட்டமா அடுக்கின வகைக்கு "பயால்டி"ன்னு பேர் வெச்சது கூட ஒரு துருக்கிக் கத்தரிக்காய் சமையலைப் பார்த்துத்தான். "இமாம் பயில்டி"ன்னா இமாம் மயங்கி விழுந்தார்னு அர்த்தமாம். ருசியில விழுந்தாரா, செலவான எண்ணெய்க் கணக்கைக் கேட்டு விழுந்தாரான்னு அங்க ரெண்டு கதை சொல்லுவாங்க.

மத்தியதரைக் கடல் வரைக்கும் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பாக்கற ஒடிசாப் பசங்க ஞாயித்துக்கிழமை சந்தையில கத்தரிக்காய், பப்பாளிக்காய், தக்காளி எல்லாம் கலந்து வாங்குவாங்க. "என்னப்பா பண்ணப் போற?"ன்னு கேட்டா "சந்துலா"ம்பாங்க. பல காய் போட்டு, மசாலா அதிகம் இல்லாம வேகவைக்கிற கூட்டு. வங்காளத்துக்காரங்க அதையே வேற மாதிரி செஞ்சு லாப்ராம்பாங்க. நம்ம வீட்டுல தைப்பொங்கலுக்கு வைக்கிற பலகாய்க் குழம்பும் அந்தக் குடும்பம்தான். மொச்சை, அவரை, கத்தரி, பரங்கி, சக்கரவள்ளி, கருணை. தோட்டத்துல அந்த மாசம் என்ன கொட்டிக் கிடக்குதோ அதைச் சட்டியில போடறது. சம்சாரி வீட்டு அடுப்புக்கு ஒரே புத்தி தான், அது நீஸ் ஆனாலும் சரி, ஊத்துக்கோட்டை ஆனாலும் சரி.

இங்கிருந்து போனது

இப்போ கத்தரிக்காய்க்கு வருவோம். ஏன்னா ராட்டட்டூயிக்கு உடம்பு அதுதான்.

கத்தரி மனுஷன் கைக்கு வந்து தோட்டப் பயிர் ஆனது ஆசியாவுல தான். அதுல இந்தியாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதோட காட்டு மூதாதை இன்னும் தென்னிந்தியாவுல ரோட்டோரம், ஏரிக்கரை, தரிசு நிலத்துல முள்ளோட நிக்குது. ஆடு கூட ஒதுங்கிப் போற செடி. கோலிக்குண்டு அளவுல காய், பழுத்தா மஞ்சள்.

பழைய தமிழ்ல கத்தரிக்காய்க்கு வழுதுணங்காய்னு பேர். ஔவையார் பாடினதாச் சொல்ற ஒரு தனிப்பாட்டுல புல்வேளூர்க்காரர் ஒருத்தர் வரகரிசிச் சோறும், வழுதுணங்காய் வாட்டும், புளிச்ச மோரும் போட்டதுக்கு உலகத்தையே ஈடாச் சொல்லுவாங்க. மலையாளத்துல இன்னிக்கும் "வழுதனங்ஙா" தான். இந்தச் சொல்லோட சொந்தக்காரச் சொல் சமஸ்கிருதத்துல "வாதிங்கண" ஆகுது. அது திராவிட மொழியிலிருந்து போயிருக்கலாம்னு சில மொழி ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அங்கிருந்து பாரசீகத்துல "பாதிங்கான்". அரபியில "பாதிஞ்சான்".

அரபு வியாபாரிகளும் விவசாயிகளும் இந்தச் செடியை மேற்கே கொண்டுபோனாங்க. 12ஆம் நூற்றாண்டுல, அப்போ முஸ்லிம் ஆட்சியில இருந்த ஸ்பெயின்ல, செவில் நகரத்து இப்னு அல் அவ்வாம் ஒரு பெரிய விவசாயப் புத்தகம் எழுதினார். அதுல கத்தரி வகைகளைப் பத்தியும் எப்படிப் பயிர் செய்யறதுன்னும் எழுதியிருக்கார். அரபிச் சொல் "அல்" சேர்ந்து கட்டலான் மொழியில "அல்பர்ஜீனியா" ஆச்சு, பிரெஞ்சுல "ஓபர்ஜீன்" ஆச்சு. போர்த்துகீசுல "பெரிஞ்செலா". அந்தப் போர்த்துகீசுக்காரன் கப்பல் ஏறி நம்ம கரைக்கு வந்து, நம்ம காயைப் பார்த்து அவன் பேர்ல கூப்பிட, அதுதான் "பிரிஞ்சால்" ஆச்சு. தோட்டக்கலை ஆபீஸ்ல மானிய பாரத்துல "பிரிஞ்சால்"னு போட்டிருக்குமே, அந்தப் பேர் உலகத்தைச் சுத்திட்டு வீட்டுக்குத் திரும்பின பேர்.

ஐரோப்பாவுல இந்தக் காயை உடனே யாரும் கொண்டாடலை. இத்தாலிக்காரங்க அதோட பேரை உடைச்சு "பைத்தியக்கார ஆப்பிள்"னு அர்த்தம் சொன்னாங்க. சாப்பிட்டா புத்தி கெட்டுடும்னு ஒரு பயம். கத்தரி குடும்பத்துல சில விஷச்செடிகளும் அவங்க ஊர்ல உண்டு, அதனால வந்த பயம். அது தெளிஞ்சு தெக்கு ஐரோப்பாவோட வீட்டுக் காயா ஆக பல நூறு வருஷம் எடுத்துக்கிச்சு.

அங்கிருந்து வந்தது

மத்த காய்ல பலதும் எதிர்த் திசையில வந்தது. தக்காளி, மிளகாய், பரங்கி மூணும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492ல கொலம்பஸ் போறதுக்கு முன்னாடி இந்த மூணையும் நம்மாளும் பார்த்ததில்ல, நீஸ்காரனும் பார்த்ததில்ல.

நம்ம மொழியைக் கவனிச்சாலே இது தெரிஞ்சுடும். புதுசா ஒரு சரக்கு ஊருக்குள்ள வந்தா பழைய பேரைக் கொஞ்சம் திருத்தி ஒட்டிடுவாங்க. மிளகு மாதிரி காரமா ஒரு காய் வந்துச்சு, மிளகு-காய், மிளகாய் ஆயிடுச்சு. தக்காளிங்கற பேர் நமக்குப் பழசு. வரப்போரம் மொளைக்கற சிறுதக்காளி, மணத்தக்காளி, இதுங்களுக்கு இருந்த பேர். மெக்சிகோவுல இருந்து வந்த சிவப்புப் பழம் அந்தப் பேரைப் புடுங்கிக்கிச்சு. முதல்ல "சீமைத் தக்காளி"ன்னு மரியாதையா சொன்னாங்க. அப்புறம் சீமை உதிர்ந்து போச்சு. இன்னிக்குக் கோயம்பேட்டுல புளிப்பான பழத்தை "நாட்டுத் தக்காளி"ன்னு விக்கறாங்க. அந்த நாட்டுத் தக்காளியோட நாடு மெக்சிகோ.

பரங்கிக்காய் கதை இன்னும் வேடிக்கை. ஒரு காலத்துல மேற்கு ஐரோப்பாவுல ஃபிராங்க்னு ஒரு ஜனம் இருந்தாங்க. அவங்க பேர்ல தான் பிரான்சுங்கற நாட்டுப் பேரே வந்தது. சிலுவைப் போர்க் காலத்துல அரபிக்காரங்க ஐரோப்பாக்காரன் எல்லாரையும் மொத்தமா "ஃபரஞ்சி"ன்னு கூப்பிட்டாங்க. பாரசீகத்துல ஃபரங்கி. தமிழ்ல பரங்கி. பரங்கிமலைக்கும், பறங்கிப்பேட்டைக்கும், பரங்கிக்காய்க்கும் அந்தப் பேர் தான். ஆக, போர்த்துகீசுக்காரன் வழியா வந்த அமெரிக்கக் காய்க்கு நாம வெச்ச பேர், அர்த்தம் பார்த்தா "பிரெஞ்சுக்காய்"! சுக்கினியும் இந்தப் பரங்கிக் குடும்பத்துப் பிள்ளைதான். அதை இத்தாலியோட வடக்குப் பக்கம் 19ஆம் நூற்றாண்டுல தான் இளசா பறிக்கற காயா தேர்ந்தெடுத்து வளர்த்தாங்க. அந்த மொழியில சுக்கினின்னா "குட்டிப் பரங்கி".

எது பழசு எது புதுசுன்னு கண்டுபிடிக்க எங்க ஊர் பெரியவங்க வெச்சிருக்கற இன்னொரு கணக்கு உண்டு. திவச சமையலைப் பாருங்கம்பாங்க. ஆசாரமான வீடுகள்ல அன்னிக்கு மிளகாய் கிடையாது, மிளகு தான். தக்காளி, முட்டைக்கோஸ், கேரட் எதுவும் இலையில வராது. வாழைக்காய், பாகல், அவரை, சேனை வரும். நானூறு அஞ்நூறு வருஷத்துக்கு முந்தின சந்தை எப்படி இருந்திருக்கும்னு அந்த இலையைப் பார்த்தா ஓரளவு ஊகிக்கலாம்.

இந்தச் சீமைச் சரக்கு இறங்கின துறைமுகங்கள்ல ஒண்ணு நம்ம மாவட்டத்துலயே இருக்கு. பழவேற்காடு. இப்போ நீங்க ஞாயித்துக்கிழமை இறால் வாங்கவும், பூநாரை பார்க்கவும் கார்ல போற ஊர். 16ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல அங்க போர்த்துகீசுக்காரங்க வந்து குடியேறினாங்க. 1610ல டச்சுக்காரங்க விஜயநகர அரசர் வெங்கடபதியோட அனுமதியில கிடங்கு வெச்சாங்க. 1613ல கெல்டிரியான்னு கோட்டை கட்டி முடிச்சாங்க. 1690ல நாகப்பட்டினத்துக்கு மாத்தற வரைக்கும் சோழமண்டலக் கரையில டச்சுக் கம்பெனியோட தலைமையிடம் பழவேற்காடு தான். சென்னைக் கோட்டை அப்புறம்தான், 1640ல ஆரம்பிச்சது.

அவங்க வந்தது காய்கறிக்கு இல்ல, துணிக்கு. நம்ம பக்கத்து நெசவாளர் நெஞ்ச துணியை வாங்கி, கிழக்கே மலுக்குத் தீவுக்குக் கொண்டுபோய், அங்க ஜாதிக்காய், கிராம்புக்கு மாத்தற வியாபாரம். ஆளுங்களையும் அடிமையா விலைக்கு வாங்கி இங்கிருந்து ஏத்தினாங்க. அந்த வியாபாரத்தையும் மறந்துடக் கூடாது. விதை இந்த மாதிரி கப்பல்கள்ல ஒரு பக்கச் சரக்கு. மாலுமியோட மூட்டையில, பாதிரியார் தோட்டத்துக்காக, சமையல்காரனோட பானையில வந்திருக்கும். இங்க வந்ததும் எவனோ ஒரு சம்சாரி அதை வாங்கி மண்ணுல போட்டிருக்கான். அவன் பேர் எந்தக் கல்வெட்டுலயும் இருக்காது.

அதுக்கப்புறம் இங்கிலீஷ்காரன் வந்தான். 1835ல சென்னையில தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பிச்சு வெளிநாட்டு விதையும் செடியும் பரப்பினாங்க. கேரட், பீன்ஸ், கோஸ், குடைமிளகாயை எல்லாம் இன்னிக்கும் மண்டியில "இங்கிலீஷ் காய்"னு தான் பிரிச்சு வைக்கறாங்க. கத்தரி, வெண்டை, அவரை, புடலை எல்லாம் "நாட்டுக் காய்".

பிரான்சு நம்ம தாலுகாவுக்கு வந்த கதை

பிரெஞ்சுன்னா நமக்குப் புதுச்சேரி ஞாபகம் வரும். 1674ல பிரான்சுவா மார்த்தேன் காலத்துல ஆரம்பிச்சு 1954 நவம்பர் 1 வரைக்கும் அது பெரும்பாலான காலம் அவங்க கையில இருந்தது. சென்னையையே 1746ல பிடிச்சு மூணு வருஷம் வெச்சிருந்தாங்க, 1749ல திருப்பிக் கொடுத்தாங்க. ஆனா எங்க தாலுகாவுல பிரான்சோட தடம் கோட்டையில இல்ல, டயர்ல இருக்கு.

மிஷ்லேன்னு (நம்மாளுங்க மிச்சலின்னு சொல்ற) டயர் கம்பெனி உங்களுக்குத் தெரியும். 1889ல பிரான்சோட நடுப்பகுதியில கிளெர்மோன் ஃபெரான் ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஆரம்பிச்சது. அப்போ பிரான்சுலயே கார் சில ஆயிரம்தான். ஜனங்க காரை எடுத்துக்கிட்டு ஊர் சுத்தினா தானே டயர் தேயும், புதுசு வாங்குவாங்க? அதுக்காக 1900ல எங்கே தங்கலாம், எங்கே வண்டி ரிப்பேர் பார்க்கலாம்னு ஒரு கையேடு போட்டு இலவசமா கொடுத்தாங்க. 1926ல நல்ல சாப்பாட்டுக் கடைக்கு நட்சத்திரம் போட ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு உலகம் பூரா சமையல்காரர்கள் உசுரை விட்டு ஓடறது அந்த நட்சத்திரத்துக்குத்தான். சாப்பாட்டுக்கு மார்க் போடற அந்தப் பழக்கம் டயர் விக்கறதுக்காகப் பொறந்தது.

அந்தக் கம்பெனி 2009ல தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம் போட்டு, கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய் கண்டிகை சிப்காட்ல தொழிற்சாலை கட்டினாங்க. அந்தத் தொழிற்பேட்டைக்கு அரசாங்கம் எடுத்தது ஆயிரம் ஏக்கருக்கு மேல. ரெக்கார்டுல அது மேய்க்கால் புறம்போக்கு. ஊர் ஜனங்க, பெரும்பாலும் தலித் குடும்பங்க, அதைக் காடுன்னு சொன்னாங்க. ஆடு மாடு மேய்ச்சது, விறகு பொறுக்கினது, ஏரிக்கு மழைத்தண்ணி வடிஞ்சு வந்தது எல்லாம் அங்கிருந்து. பல வருஷம் போராட்டம் பண்ணாங்க. 2012ல ஊர்ச் சங்கமும், பிரெஞ்சுத் தொண்டு அமைப்புகளும், ஒரு பிரெஞ்சுத் தொழிற்சங்கமும் சேர்ந்து பாரிஸ் வரைக்கும் புகார் கொண்டுபோனாங்க. நிலத்தை ஒதுக்கினது அரசாங்கம். கம்பெனியால வேலை கிடைச்ச பசங்களும் இருக்காங்க. அதையும் சொல்லத்தான் வேணும். ஆனா பட்டா இல்லாதவனோட பால், சாணி, விறகுக்கு எந்த நட்டஈட்டுப் பட்டியல்லயும் ஒரு கட்டம் கிடையாது. மேய்க்கால் போனா மாடு போகும். மாடு போனா எரு போகும். எரு போனா தோட்டத்துக் கத்தரிக்காய்க்கு மூட்டை உரம் தான். இந்தச் சங்கிலி டவுன்ல இருந்து பார்த்தா தெரியறது கஷ்டம்.

பக்கத்துலயே இன்னொரு மாற்றமும் நடந்தது. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைச்சு, 380 கோடி ரூபாய் செலவுல சென்னைக் குடிநீருக்காக புது நீர்த்தேக்கம் கட்டி 2020 நவம்பர்ல திறந்தாங்க. கொள்ளளவு 500 மில்லியன் கனஅடி. பூண்டி ஏரி 1944ல கட்டினது. அதுக்கப்புறம் எங்க பக்கத்துல உங்களுக்காகவே புதுசா கட்டின ஏரி இது. இதுக்கு நடுவுல 1960கள் கடைசியிலிருந்து ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில ஆழ்குழாய் போட்டு சென்னைக்குத் தண்ணி எடுத்ததுல, மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணியே நிலத்துக்கு உள்ள ஏறி வந்துடுச்சு. 2019 பஞ்சத்துல எங்க மாவட்டத்து விவசாயிகள் பயிர் வைக்காம கிணத்துத் தண்ணியை மெட்ரோ வாட்டருக்கு வித்தாங்க. ஒரு கிணறு ஒரு வருஷம் தண்ணி வித்தா அந்த வருஷம் அந்தத் தோட்டத்துல கத்தரி இல்லன்னு அர்த்தம்.

யாரையும் குத்தம் சொல்ல இதை எழுதலை. உங்க குழாய்ல வர்றதும் தண்ணி தான். ஆனா சென்னையைச் சுத்தி இருந்த காய்த்தோட்டம் ஏன் சுருங்கிப் போச்சு, தக்காளி ஏன் மதனப்பள்ளி, கோலார்ல இருந்தும், குடைமிளகாய் ஓசூர்ல இருந்தும் வரணும்னு கேட்டா, பதில்ல பாதி இங்க இருக்கு.

யாரோட கோடை?

இந்தக் குழம்பை "கோடைக் காய்க் குழம்பு"ன்னு எல்லா இடத்துலயும் எழுதறாங்க. அதைப் படிச்சுட்டு சித்திரை, வைகாசியில பட்டியல் அனுப்பறாங்க. இங்க தான் கொஞ்சம் யோசிக்கணும்.

நீஸ்ல கோடைன்னா ஜூலை, ஆகஸ்ட். அப்போ பகல் வெயில் சராசரியா 27, 28 டிகிரி. எங்க ஊர்ல தை மாசத்துப் பகலே 29 டிகிரி கிட்ட. அக்னி நட்சத்திரத்துல 40ஐத் தாண்டிடும், ராத்திரியும் சூடு இறங்காது. அந்தச் சூட்டுல தக்காளிப் பூ காய் பிடிக்காம உதிர்ந்துடும். கத்தரிக்காய் கசப்பு ஏறி, விதை முத்தி, புழுவும் சேர்ந்துக்கும். அதனால நீஸ்காரனோட கோடை எங்களுக்கு மார்கழி, தை, மாசி. அவன் ஆகஸ்ட்ல அனுபவிக்கற காய்க் குவியல் எங்க கொல்லியில பொங்கலுக்கு அப்புறம் வரும்.

இந்தக் குழம்பு பொறந்ததே அந்தக் குவியலால தான். தோட்டம் பூரா ஒரே நேரத்துல காய்க்குது, விக்க முடியல, வீணாக்க மனசு வரல, எண்ணெய் ஊத்திச் சுண்ட வெச்சா நாலு நாள் தாங்கும். நம்ம பக்கம் குவியல் வந்தா என்ன நடக்குது? விலை விழும். பறிக்கற கூலிக்குக் கூட கட்டாதுன்னு தக்காளியை ரோட்டுல கொட்டற படம் வருஷா வருஷம் பேப்பர்ல பார்க்கறீங்க. அதே தக்காளி 2023 ஜூலையில கிலோ நூறைத் தாண்டி, அரசாங்கமே ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு வித்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல நிக்கறது மண்டியும், குடோனும், தூரமும்.

2020 மே மாசம் கொரோனா காலத்துல கோயம்பேட்டை மூடி, மார்க்கெட்டை எங்க மாவட்டத்துத் திருமழிசைக்கு மாத்தினாங்க, ஞாபகம் இருக்கா? செப்டம்பர் கடைசி வரைக்கும் சென்னைக்கு வேண்டிய காய் எல்லாம் அங்க தகரக் கொட்டாய்ல இறங்குச்சு. மழை பெஞ்சா சேறு. அந்த நேரத்துல தான் சென்னைக்காரங்க பல பேர் "பக்கத்துல எந்த விவசாயி இருக்கார்?"னு தேட ஆரம்பிச்சாங்க. என்கிட்ட வாரா வாரம் வாங்கற சில குடும்பங்க அப்படி வந்தவங்க தான்.

சரி, சமைக்கலாம்

நாலு பேருக்குக் கணக்கு சொல்றேன். கத்தரிக்காய் அரை கிலோ, நல்ல பழுத்த தக்காளி அரை கிலோ, வெங்காயம் கால் கிலோ, குடைமிளகாய் ரெண்டு, பூண்டு ஆறு ஏழு பல். சுக்கினிக்குப் பதில் பரங்கிப் பிஞ்சு கால் கிலோ போடுங்க. உறவு முறையில அதுதான் பக்கம். கிடைக்கலைன்னா இளசு சுரைக்காய், பீர்க்கங்காய் பரவாயில்ல. ஆலிவ் எண்ணெய் இருந்தா சரி. இல்லன்னா செக்குக் கடலை எண்ணெய் நல்லாவே ஒத்துப் போகும். நல்லெண்ணெய் ஊத்தினா வாசனை கொத்சு பக்கம் இழுத்துடும், அதுவும் கெட்டதில்ல.

அவங்க தைம்னு ஒரு இலை போடுவாங்க. அதோட வாசனைக்குக் காரணமான சத்துக்கு தைமால்னு பேர். அது நம்ம ஓமத்துல தாராளமா இருக்கு. கால் ஸ்பூன் ஓமத்தை உள்ளங்கையில தேச்சுப் போடுங்க, போதும். பேசில்னு விலை கொடுத்து வாங்கற இலை நம்ம திருநீற்றுப் பச்சிலை தான். ஃபலூடாவுல போடற சப்ஜா விதை இருக்கே, அதை ஒரு தொட்டியில தூவினா பத்து நாள்ல மொளைச்சு நிக்கும்.

நீஸ்ல பாட்டிமார் சொல்ற முக்கிய விதி ஒண்ணு உண்டு. எல்லாக் காயையும் ஒண்ணாக் கொட்டக் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் வேகற நேரம் வேற. கத்தரிக்காயைப் பெரிய துண்டா வெட்டி, உப்புத் தடவி அரைமணி வெச்சு, தண்ணியைப் பிழிஞ்சுட்டு, எண்ணெயில பொன்னிறமா வதக்கித் தனியா எடுங்க. அப்புறம் பரங்கிப் பிஞ்சு, அப்புறம் குடைமிளகாய், தனித்தனியா. அதே சட்டியில வெங்காயத்தை நிதானமா வதக்கி, பூண்டு, தக்காளி, ஓமம், ஒரு பிரிஞ்சி இலை போட்டு தக்காளி கரையற வரைக்கும் விடுங்க. பிறகு வதக்கின காயெல்லாம் சேர்த்து, மூடி வெச்சு, சிறுதீயில அரைமணி. தண்ணி ஒரு சொட்டு ஊத்த வேண்டாம், காயிலயே இருக்கு. புளி வேண்டாம், மசாலாத்தூள் வேண்டாம். காரம் வேணும்னா மிளகு. இறக்கினதும் பச்சிலையைக் கிள்ளிப் போடுங்க.

சுடச்சுட சாப்பிடணும்னு கட்டாயம் இல்ல. ஆறினதும் நல்லா இருக்கும், மறுநாள் இன்னும் நல்லா இருக்கும். அவங்க ரொட்டியோட தொட்டுக்குவாங்க. எங்க வீட்டுல பழைய சோத்துக்கு வெச்சுக்கிட்டோம். ஆயா ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "கத்தரிக்காய் வதக்கல்ல புளி போட மறந்துட்டான்"னு சொல்லி இன்னொரு கரண்டி போட்டுக்கிச்சு.

ஒரே ஒரு வேண்டுகோள். கத்தரிக்காய் வாங்கும்போது "ஒரு கிலோ கத்தரி"ன்னு மட்டும் கேக்காம, என்ன ரகம்னு கேளுங்க. வேலூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஜனங்க பேர் சொல்லிக் கேட்டதால தான் அந்த விதை இன்னும் மண்ணுல இருக்கு. எங்க பக்கத்துலயும் பச்சை வரிக்கத்தரி, வெள்ளைக் கத்தரின்னு அங்கங்க நாலு பாத்தி மிச்சம் இருக்கு. ஊதா கலர்ல ஒரே அளவுல பளபளன்னு இருக்கற ஒட்டுரகத்தை மட்டும் மார்க்கெட் கேட்டா, அடுத்த பட்டத்துக்கு அந்த விதையை யாரும் எடுத்து வைக்க மாட்டாங்க.

இந்தக் குழம்புக்கு இப்போ அவசரப்பட வேண்டாம். பொங்கல் முடியட்டும். தக்காளி பழுத்து, கத்தரி பிஞ்சு விட்டு, பரங்கிக் கொடி வரப்புல ஏறி நிக்கும். அப்போ பட்டியல் அனுப்புங்க, நானே பறிச்சு அனுப்பறேன். சுக்கினி மட்டும் கேக்காதீங்க!

அடுத்த பதிவுல சொர்ணவாரிக்கு என்ன நெல் போடலாம்னு பேசுவோம்.